'தொடாதீங்க மாமா'

ஆட்டிசம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "அப்படியா... பையனுக்கு என்ன திறமைங்க?"

படம் வரைவானா, கீபோர்டு வாசிப்பானா, தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்வானா? "ஆண்டவன் ஒண்ணை எடுத்தா இன்னொண்ணைக் கொடுத்திருப்பான்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே, அந்த இன்னொன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. டஸ்டின் ஹாஃப்மன் நடித்த அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் கிம் பீக். அவருக்கு ஆட்டிசமே இல்லை, மூளை அமைப்பில் வேறு கோளாறு என்று பிற்பாடு சொன்னார்கள். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? படம் கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பு மட்டும் பாண்டிச்சேரியில் எங்கள் தேங்காய்த்திட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் பையனுக்குப் பதினேழு நடக்கிறது. எங்கள் ஊர் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளில் பாதிக்கு மேல் அவனுக்கு நம்பர் மனப்பாடம். எது கடலுக்குப் போயிருக்கிறது, எது இன்ஜின் வேலைக்காக நிற்கிறது, எதற்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று சொல்லுவான். "இதுதாங்க திறமை" என்றால் கேட்டவர் முகம் சப்பென்று போய்விடும். படகு நம்பரை வைத்துக்கொண்டு எந்த மேடையில் ஏற்றுவது?

துறைமுகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. வலை பின்னுகிற அண்ணன்களைப் பார்த்தால் தினமும் ஒரே கேள்விதான் கேட்பான்: "முகத்துவாரம் தூர் வாரியாச்சா?" மணல் மேடிட்டுப் படகு தட்டுகிற ஊர் இது. அவர்களும் தினமும் பொறுமையாக, "இன்னும் இல்ல தம்பி" என்பார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆட்டிசத்தின் அடையாளம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மீனவர்கள் இதே கேள்வியை அரசாங்கத்திடம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

கடலோரத்தில் இருக்கிறோமா, அதனால் எனக்கு வாட்ஸப்பில் அதிகம் வருவது ஜியா ராயின் செய்திதான். உண்மையிலேயே பெரிய பிள்ளை. கடற்படையில் வேலை பார்க்கும் மதன் ராயின் மகள், ஆட்டிசம் உள்ளவள். 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரில் தண்ணீரில் இறங்கி, 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிஷத்தில் நீந்தி அரிச்சல்முனையில் கரையேறினாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயசுகூட முடியவில்லை. 2024-ல் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தாள். அந்தப் பெற்றோரின் பெருமையில் எனக்கும் ஒரு துளி பங்கு கேட்டு வாங்கிக்கொள்வேன். ஆனால் செய்தியின் அடியில் "நீங்களும் கடல் பக்கத்துலதானே இருக்கீங்க, முயற்சி பண்ணலாமே" என்று எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் பையனுக்கு ஈர மணல் காலில் ஒட்டினால் ஆகாது. பாண்டி மெரினாவில் அலை வரும் இடத்துக்கு நாலு ஆள் தூரம் தள்ளி, ஷூவும் சாக்ஸுமாக நிற்பான். கடல் அவனுக்குப் பார்க்கிற பொருள். இறங்குகிற இடம் இல்லை. நீச்சல் கற்றுத்தரலாமா என்று கேட்டதற்கு "வேண்டாம்" என்றான். கேட்டது நான்தான். பதிலையும் நான்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையா?

இந்தப் பதிவே அந்த 'வேண்டாம்' பற்றித்தான்.

சென்ற ஐப்பசியில் வில்லியனூரில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. மண்டபம் நிறையக் கூட்டம், மைக் செட், குழந்தைகள் அழுகை. அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தான். உறவில் அவனுக்கு மாமா முறையாகிற ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனுஷர், பாசக்காரர், பாசம் எல்லாம் கையில்தான். பின்னால் இருந்து தோளைப் பிடித்து, கன்னத்தைக் கிள்ளி, "என்னடா பெரிய மனுஷா, மீசையெல்லாம் வந்துடுச்சு" என்று முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். இரண்டு அடி தள்ளி நின்றான். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "தொடாதீங்க மாமா. எனக்குப் பிடிக்காது. பின்னாடி இருந்து வராதீங்க" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். ஹெட்போன் போட்டிருந்ததால் தன் குரல் அளவு அவனுக்குத் தெரியவில்லை.

மண்டபத்தில் அந்தப் பகுதி மட்டும் அடங்கிப்போனது. பந்தியில் என் காதுபடவே ஒரு அக்கா பேசினார்: "செல்லம் கொடுத்து வளத்திருக்காங்க. பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லித்தரல."

எனக்கா? இலையில் இருந்த பாயசம் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவு பெருமை. அவன் அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மாமியார்தான் அந்த அக்காவுக்குப் பதில் சொன்னார். "மாமான்னு முறை வச்சுதானே சொன்னான்? தொடாதீங்கன்னு மரியாதையாத்தானே சொன்னான்? இன்னும் எப்படிச் சொல்லணும்?"

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று புரிய, பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஆறு வயசு வரைக்கும் அவனுக்குப் பேச்சு என்றால் நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்பான். தாகம் எடுத்தாலும் அதேதான், எடுக்காவிட்டாலும் அதேதான். வேண்டாம் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே வழி தன் கையைக் கடித்துக்கொள்வது, அல்லது தரையில் விழுவது. மரப்பாலம் சிக்னல் பக்கத்தில் அவன் இப்படி விழுந்து, வண்டிகள் ஹாரன் அடிக்க, ஹாரனால் அவன் இன்னும் அலற, நான் அவன் மேல் குடை மாதிரி கவிழ்ந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. பார்த்தவர்களுக்கு அது அடம். அவனுக்கு அது ஒரு வாக்கியம்.

பிறகு தெரபி. அந்த வருஷங்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. உட்கார், இங்கே பார், கையைக் கீழே வை, இதை எடு, அதைக் கொடு என்று வரிசையாகக் கற்றுத்தந்தார்கள். அதில்லாமல் அவன் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டான். இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் இப்படிப் பயிற்சி கொடுத்து, 1987-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பத்தொன்பது குழந்தைகளில் ஒன்பது பேர் மற்ற பிள்ளைகளைப் போல ஆகிவிட்டார்கள் என்றார். உலகம் முழுக்கப் பெற்றோர் அதன் பின்னால் ஓடினார்கள். அதற்கு முன்பு, 1960-களில், சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகளுக்கு அறையும் மின் அதிர்ச்சியும்கூடக் கொடுத்துப் பார்த்தவர் அவர். இன்று அந்த முறை எவ்வளவோ மாறியிருக்கிறது, நம் ஊர் தெரபிஸ்டுகள் பாட்டும் பொம்மையுமாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனாலும் ஆட்டிசத்தோடு வளர்ந்து இப்போது பெரியவர்களாக இருப்பவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழக்கினீர்கள், மறுக்கப் பழக்கவே இல்லை.

அஞ்சு வயசில் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை வரம். பதினஞ்சு வயசில் யார் சொன்ன பேச்சையும் கேட்கும் பிள்ளை? நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். கூப்பிட்டால் போவான். சட்டையைக் கழற்று என்றால் கழற்றுவான். வீட்டில் சொல்லாதே என்றால் சொல்லமாட்டான். 2012-ல் வந்த போக்சோ சட்டம், ஒரு குழந்தையின் உடல் அல்லது மனக் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் வன்கொடுமையைத் தனியாகப் பிரித்துக் கடுமையான குற்றத்தில் சேர்த்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் எது நடக்கிறது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் இதைப் பற்றி எழுதியவர்களில் யெஸ். பாலபாரதி எனக்கு முக்கியமானவர். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா. 'ஆட்டிசம் சில புரிதல்கள்' அவர் எழுதியதுதான், புதிதாக டாக்டர் சீட்டோடு அழுதுகொண்டு வரும் அம்மாக்களுக்கு நான் முதலில் கொடுப்பது அந்தப் புத்தகம். 2020-ல் அவருக்குப் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிக் கொடுத்தது 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. அது தொடுதல் பற்றி, பிள்ளைகள் பயப்படாமல் வாய் திறப்பது பற்றிய சிறுவர் நாவல். அவர் மனைவி லஷ்மி பாலகிருஷ்ணன் எழுதிய 'எழுதாப் பயணம்' அம்மாவின் பக்கத்தைச் சொல்வது. இரண்டு பேரையும் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் 'வேண்டாம் பாடம்' என்று ஒன்றை ஆரம்பித்தோம்.

பாடம் ரொம்பச் சாதாரணம். பிடிக்காத பாகற்காயைத் தட்டில் வைப்போம். "வேண்டாம்" என்றால் உடனே எடுத்துவிடுவோம். கேள்வி கிடையாது, "ஒரு வாய் மட்டும்" கிடையாது. அந்தச் சொல்லுக்குப் பலம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பாகற்காயில் ஆரம்பித்துச் சட்டை நிறம், தலை சீவுவது, கட்டிப்பிடிப்பது என்று போனோம். பாட்டி முத்தம் கேட்டால்கூட அவன் மறுக்கலாம். இதில் மாமியாருக்கு ஆரம்பத்தில் வருத்தம்தான். இப்போது அவர்தான் இந்தப் பாடத்துக்கு ஹெட்மாஸ்டர். மருந்து, ஊசி, ரோடு கடப்பது, இந்த மூன்றில் மட்டும் வேண்டாம் செல்லாது. அதையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இது முழுக்க இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மறுக்கக் கற்ற பிள்ளை வீட்டில்தான் முதலில் மறுப்பான். ஹோம்வொர்க் வேண்டாம், குளியல் வேண்டாம், சித்தப்பா வீடு வேண்டாம். ஒரு கோடை முழுக்க எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. எந்த வீட்டில் பதினஞ்சு வயசுப் பையன் இதைச் சொல்லவில்லை, சொல்லுங்கள்? பக்கத்து வீட்டு அம்மா தன் மகனைப் பற்றி மூச்சுவிடாமல் புலம்பியபோது எனக்கு ஒரு சந்தோஷம். நானும் அதே புலம்பலில் கலந்துகொண்டேன், முதல் தடவையாக எல்லா அம்மாக்களையும் போல.

வயசுக்கு வருகிற பையனின் உடம்பு பற்றியும் ஒரு வார்த்தை. நாம் இதைப் பேசவே மாட்டோம். 2019-ல் வெளியான ராமின் 'பேரன்பு' படம் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணை வைத்து இதைத் தொட்டபோது தியேட்டரில் நெளிந்தவர்கள் உண்டு. பேசாமல் இருந்தால் உடம்பு நின்றுவிடுமா? மீசை அரும்பியதும் குளிக்கவைக்கும் வேலையில் இருந்து நான் விலகிக்கொண்டேன், அப்பா எடுத்துக்கொண்டார். இப்போது அவரும் வெளியே. படிப்படியாகப் படம் வரைந்து குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்து அவனே குளிக்கிறான். எது அறைக்குள், எது கதவைச் சாத்திக்கொண்டு, எது யாருமே செய்யக்கூடாதது என்று அவன் அப்பா நேரடியாகச் சொல்லிக்கொடுத்தார். சுற்றி வளைத்துப் பேசினால் இவர்களுக்குப் புரியாது. வெட்கம் நமக்குத்தான் பிரச்சினை. ஷேவிங்கிலும் அப்படியே. எலக்ட்ரிக் ரேசர் சத்தம் பிடிக்கவில்லை, பிளேடு போதும் என்றான். கன்னத்தில் இரண்டு வெட்டு, பிறகு பழகிவிட்டது. இப்போது நான் தெரியாமல் கதவைத் தள்ளினால் "அம்மா, தட்டிட்டு வா" என்று உள்ளே இருந்து குரல் வரும். உடைந்த, ஆம்பிளைக் குரல்.

அவனுடைய மறுப்பை யாரும் சொல்லித்தராமல் புரிந்துகொண்ட ஓர் ஆள் இருந்தது. மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி. வாசலில் நின்று, தலையைக் காட்டினால் தும்பிக்கை வைத்து ஆசீர்வாதம் செய்யுமே, அந்த யானைதான். வாரம் தவறாமல் அதைப் பார்க்கப் போவோம். தள்ளி நின்று அருகம்புல்லை நீட்டுவான், அது வாங்கிக்கொள்ளும். கூட்டத்தில் இருப்பவர்கள் "கிட்டப் போப்பா, ஆசீர்வாதம் வாங்கிக்கோ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளுவார்கள். லட்சுமி ஒரு நாளும் அவன் தலை மேல் தும்பிக்கையைக் கொண்டுவந்ததில்லை. 2022 நவம்பர் 30-ந்தேதி காலை நடைக்குப் போன இடத்தில் அது சரிந்து விழுந்து இறந்தபோது பாண்டிச்சேரியே தெருவில் நின்று அழுதது. இவன் அழவில்லை. "கல் மனசு" என்றார் ஒருவர். மூன்று வாரம் அருகம்புல் கட்டைப் பிரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

வெளியில் தெரிவதை வைத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவது இன்று நேற்று வந்ததில்லை. ஆட்டிசத்தை முதலில் எழுதிய லியோ கானர், 1943 கட்டுரையில் பதினொரு குழந்தைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, பெற்றோர்களிடம் அன்பின் சூடு குறைவு என்றும் ஒரு வரி சேர்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு, தாயின் குளிர்ச்சிதான் காரணம் என்று 1967-ல் புருனோ பெட்டல்ஹைம் புத்தகமே போட்டார். நம் ஊரில் கிரகணம், செல்போன், மாசமா இருக்கும்போது டிவி பார்த்தது என்று வேறு பட்டியல். குற்றவாளி மட்டும் எல்லா நாட்டிலும் அம்மாதான்.

இத்தனைக்கும் கானர் அந்தக் கட்டுரையில் எழுதிய முதல் குழந்தை டொனால்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததே, அந்தப் பையனின் அப்பா 1938-ல் உட்கார்ந்து எழுதவைத்து அனுப்பிய முப்பத்து மூன்று பக்கக் கடிதத்தால்தான். அன்பில்லாதவர் முப்பத்து மூன்று பக்கம் எழுதுவாரா? டொனால்டு ட்ரிப்லெட்டை மூன்று வயசில் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தார்கள், ஒரு வருஷத்தில் பெற்றோரே போய் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். பிறகு அவர் வாழ்ந்தது மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில். கல்லூரி முடித்தார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார். 2023-ல் எண்பத்தொன்பது வயசில்தான் இறந்தார். தெரிந்தவர்கள் மேல் ரப்பர் பேண்டு விடுவது அவர் பழக்கம். அந்த ஊர்க்காரர்கள் "டொனால்டு அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்களாம். எனக்கு அந்த ஊர் மேல் பொறாமை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவர், பென்ஷன் யூரோவில். என் பையன் அவரைப் பார்த்தால் காலையில் "போன்ழூர்", ஆறு மணிக்கு மேல் "போன்ஸ்வார்". தாத்தா மறந்து மாற்றிச் சொன்னால் திருத்துவான். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அறுபத்தொரு நாள். படகெல்லாம் கரையில், துறைமுகம் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும், இவன் உடம்பில் உயிரே இருக்காது. தடை முடிந்து படகுகள் கிளம்பிய சந்தோஷத்தில் அவன் இருந்த ஒரு நாள் தாத்தா வந்து, "இன்னைக்கு ஜூன் 18, தெரியுமா?" என்றார். அவருக்கு அது ஜெனரல் தெ கோல் நாள். 1940-ல் பிரான்ஸ் தோற்றுச் சரணடையப் போனபோது, லண்டனில் உட்கார்ந்துகொண்டு வானொலியில் முடியாது என்று சொன்ன நாள். அதே வருஷம் செப்டம்பரில் பாண்டிச்சேரியும் அவர் பக்கம் நின்றது என்று தாத்தா நெஞ்சு நிமிர்த்துவார்.

அதே ஜூன் 18-ஐ, 2005-ல் இருந்து, ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் பெருமை நாளாக வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். ஏப்ரல் 2 ஐ.நா. அறிவித்த விழிப்புணர்வு நாள், அன்று மற்றவர்கள் இவர்களைப் பற்றிப் பேசுவார்கள், நீல விளக்குப் போடுவார்கள். ஜூன் 18 இவர்களே வைத்துக்கொண்டது. தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்ல நாள்தான் பிடிச்சிருக்காங்க. வேணாம்னு சொல்றவனுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி வேணும்."

அடுத்த வருஷம் அவனுக்குப் பதினெட்டு. இந்த வலைப்பதிவைப் படிக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பதினெட்டு முடிந்த அன்றே சட்டப்படி நாம் அவர்களுக்குக் காப்பாளர் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் நிலையில் இருப்பவரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் அந்தப் பொறுப்பை வாங்க வேண்டும். இதற்கு முன்னால் 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளை மட்டும் சொன்னது, அதில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டம் இருபத்தொரு வகை என்று ஆக்கி ஆட்டிசத்தையும் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் பதினாலாவது பிரிவை ஒரு தடவை தமிழில் யாரையாவது விளக்கச் சொல்லிக் கேளுங்கள். காப்பாளர் என்பவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறவர் இல்லை, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவர்களைக் கலந்துகொண்டு, அவர்கள் விருப்பத்தின்படி முடிவெடுக்க வேண்டும் என்கிறது. விருப்பத்தைச் சொல்லப் பழகாத பிள்ளையை எப்படிக் கலந்துகொள்வீர்கள்? மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அட்டை எடுக்காதவர்கள் இப்போதே எடுங்கள். அதோடு பாகற்காயையும் ஆரம்பியுங்கள்.

பள்ளிக்கூடப் பொதுத்தேர்வு, ஸ்க்ரைப், கூடுதல் நேரம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அது தனிப் பதிவுக்கு ஆகும். அவன் பாஸ் செய்தால் சந்தோஷம்தான், இனிப்பு கொடுப்போம்.

சொந்தபந்தங்களில் இதைப் படிக்கிறவர்கள் உண்டு, வில்லியனூர் மாமா வீடு உட்பட. தை மாதம் எங்கள் வீட்டில் விசேஷம், எல்லாரும் வாருங்கள். அவனைப் பார்த்தால் முன்னால் வந்து நில்லுங்கள், "கை கொடுக்கலாமா தம்பி" என்று கேளுங்கள். சரி என்றால் கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வீட்டுக்குப் போய் எனக்கு போன் போட்டு, பையன் இப்படிச் சொல்லிவிட்டானே என்று குறை சொல்லாதீர்கள். சொன்னாலும், நல்லாத்தான் சொல்லியிருக்கான் என்பேன்.